ஓர் உருவம், பதினைந்து பெயர்கள்: பாரமீசியம் ஆரேலியாவும் சிற்றினம் என்னும் கேள்வியும்

1. கேள்வி

வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி நீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் ஒரு கரண்டி குளத்து நீரை அதில் ஊற்றி வைத்தால், நாலைந்து நாளில் மேலே மெல்லிய ஏடு படரும். ஏட்டின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட்டு, ஓட்டத்தை மட்டுப்படுத்த இரண்டு மூன்று பஞ்சு இழைகளைப் பரப்பி, நுண்ணோக்கியில் கண் வைத்தால் தெரியும் காட்சியை விலங்கியல் படித்தவர்கள் மறப்பதில்லை. செருப்பின் அடியை ஒத்த ஓர் உயிர், தன் நீளவாட்டில் சுழன்றுகொண்டே நீந்தி வந்து பஞ்சிழையில் முட்டுகிறது. சட்டென்று பின்வாங்குகிறது. கொஞ்சம் திசை மாற்றி மறுபடி முன்னேறுகிறது. வழி கிடைக்கும்வரை இதையே செய்கிறது. அதை ரெக்கார்டு நோட்டில் வரைந்து, பாகங்களைக் குறித்து, கீழே 'பாரமீசியம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம்.

அந்தப் பெயர் பேரினத்தின் பெயர் மட்டுமே. வரைந்த உயிரி எந்தச் சிற்றினம் என்று கேட்டால், நீளத்தையும் பின்முனையின் வடிவத்தையும் சிற்றுட்கருக்களின் எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்வது பழைய பாடநூல் வழி. பின்முனை மழுங்கி, ஏறத்தாழ 120 முதல் 170 மைக்ரோமீட்டர் நீளமும் இரண்டு சிற்றுட்கருக்களும் இருந்தால் அது பாரமீசியம் ஆரேலியா. இருநூறு ஆண்டு வழக்கிலிருந்த இந்தப் பெயரின்கீழ் இன்று குறைந்தது பதினைந்து சிற்றினங்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க இயலாது. ஆனால் இயற்கையில் ஒன்றோடு ஒன்று கலந்து தழைக்கும் வாரிசை அவை விடுவதாகத் தெரியவில்லை.

உருவத்தில் வேறுபாடு தெரியாத உயிர்களுக்குப் பதினைந்து பெயர் சூட்டியது நியாயமா? இக்கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியை. இதற்குச் சொல்லப்பட்ட பதில்களை வரிசைப்படுத்தி, சான்றுகளை எடைபோட்டு, என் முடிவை இறுதியில் வைக்கிறேன்.

2. உடலும் இருவகை உட்கருக்களும்

பெயர்ச் சிக்கலுக்குக் காரணம் இந்த உயிரியின் வாழ்க்கை முறை. ஆகவே உயிரியலிலிருந்து தொடங்குவோம்.

பாரமீசியம் நன்னீரில் வாழும் ஒற்றைச் செல் உயிரி. குற்றிழை உயிரிகளின் தொகுதியான சிலியோபோராவில், ஒலிகோஹைமெனோஃபோரியா என்னும் வகுப்பில் அது வைக்கப்பட்டிருக்கிறது. இத்தொகுதிக்கு நெருங்கிய உறவாக நிற்பவை மலேரியா ஒட்டுண்ணி அடங்கிய ஏபிகாம்ப்ளெக்சாவும் டைனோஃபிளாஜெல்லேட்டுகளும். செல்சவ்வுக்கு அடியில் தட்டையான பைகள் அடுக்கியிருப்பது மூன்றுக்கும் பொது அடையாளம். அதனால் இம்மூன்றையும் சேர்த்து அல்வியோலேட்டா என்கிறார்கள்.

உடலெங்கும் வரிசைவரிசையாக நிற்கும் ஆயிரக்கணக்கான குற்றிழைகளே அதற்குத் துடுப்பு. வாய்ப்பள்ளத்தின் குற்றிழைகள் பாக்டீரியாக்களை வாயை நோக்கித் தள்ள, அவை உணவுக் குமிழ்களில் அடைபட்டு உடலைச் சுற்றி வந்து செரிக்கின்றன. சூழ்ந்த நீரைவிட உள்ளே உப்பு அதிகம் என்பதால் தண்ணீர் ஓயாமல் உள்ளே புகும். அதை வெளியேற்ற இரண்டு சுருங்கும் நுண்குமிழ்கள், நட்சத்திரக் கதிர்போல் பரவிய கால்வாய்களோடு நிரம்புவதும் வடிவதுமாக இயங்குகின்றன. பஞ்சிழையில் முட்டியதும் அது பின்வாங்குவதற்குக் காரணம், முன்முனையில் கால்சியம் அயனிகள் செல்லுக்குள் பாய்வதும் அதனால் குற்றிழைகள் எதிர்த்திசையில் அடிப்பதும்தான்.

வகைப்பாட்டுக்கு இவற்றைவிட முக்கியமானவை உட்கருக்கள். குற்றிழை உயிரிகளில் ஒரே செல்லுக்குள் இருவகை உட்கரு உண்டு. பேருட்கரு அன்றாட வேலைக்கானது. மரபணுக்கள் படியெடுக்கப்பட்டுப் புரதங்கள் உருவாவதெல்லாம் அதை வைத்தே. அந்தப் பதினைந்தில் ஒன்றான பாரமீசியம் டெட்ராரேலியாவின் பேருட்கருவில் மரபுத்தொகுதி ஏறத்தாழ 800 படிகளாகப் பெருகியிருக்கிறது. சிற்றுட்கரு விதைநெல் போன்றது. அன்றாடச் செலவுக்கு அதில் கைவைப்பதில்லை. அடுத்த பாலினத் தலைமுறைக்காகக் காத்துவைக்கப்படுகிறது.

விதைநெல் வெளியே வரும் நேரம் இணைவு. உணவு குறையத் தொடங்கியதும் பொருந்திய இரு உயிரிகள் வாய்ப்பக்கமாக ஒட்டிக்கொள்கின்றன. ஆரேலியாவில் ஒவ்வொன்றிலும் உள்ள இரு சிற்றுட்கருக்கள் குன்றல் பகுப்பால் எட்டாகின்றன. ஏழு அழிந்து ஒன்று எஞ்சுகிறது. எஞ்சியது இரண்டாகப் பிரிய, ஒன்று தன் இடத்தில் தங்குகிறது. மற்றது துணையின் உடலுக்குள் கடந்து செல்கிறது. வந்ததும் தங்கியதும் கூடிப் புதிய உட்கரு உருவாகிறது. அது இருமுறை பகுப்படைந்து நான்காக, அவை இரண்டு பேருட்கருக்களாகவும் இரண்டு சிற்றுட்கருக்களாகவும் வளர்கின்றன. பழைய பேருட்கரு துண்டுதுண்டாகி மறைகிறது. புதிய பேருட்கரு உருவாகும்போது ஏறத்தாழ 45,000 சிறு டி.என்.ஏ. துண்டுகள் வெட்டி நீக்கப்பட்டு, மீதி ஒட்டவைக்கப்படுகிறது.

இணைவால் எண்ணிக்கை கூடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாகச் சேர்ந்தவை இரண்டாகவே பிரிகின்றன. பெருக்கம் நடப்பது இருசமப் பிளவால். நல்ல உணவும் 27 டிகிரி வெப்பமும் இருந்தால் நாளுக்கு நான்கைந்து முறை.

ஆரேலியாவுக்கு மூன்றாவது ஒரு வழியும் உண்டு. துணை இல்லாமலே, பட்டினியின்போது ஒரே செல்லுக்குள் இந்த முழுச் சடங்கும் நடந்து, தன்னுடைய இரண்டு ஒத்த உட்கருக்களே ஒன்றுகூடிவிடும். இதைத் தற்கருவுறுதல் எனலாம். ஒரே முறையில் எல்லா மரபணு இணைகளும் ஒத்தவை ஆகிவிடுகின்றன. யேலில் உட்ரஃப் 1907 மே முதல் நாள் தொடங்கிப் பல்லாயிரம் தலைமுறைகள் தனித்தனியே பிரித்து வளர்த்த ஆரேலியா, இணைவே இல்லாமல் எப்படி நலிவடையாமல் இருந்தது என்ற புதிருக்கு விடை இதில் இருக்கிறது. 1914-இல் உட்ரஃபும் எர்ட்மனும் அதை வேறுவிதமாக விளக்கினர். 1936-இல் டில்லர் தற்கருவுறுதலைக் காட்டினார். பின்னால் வரும் விவாதத்தில் இந்த மூன்றாவது வழி பெரிய தொல்லையாக நிற்கும்.

3. உருவத்தை நம்பிய காலம்

'பாரமீசியம்' என்ற பெயரை 1752-இல் ஜான் ஹில் வைத்தார். நீள்வடிவம் என்பது அதன் கிரேக்க மூலப் பொருள். 1773-இல் டேனிஷ் ஆய்வாளர் ஓ. எஃப். முல்லர் அதற்கு 'ஆரேலியா' என்னும் சிற்றினப் பெயரைச் சேர்த்தார். 1830களில் எரன்பர்க், பின்முனை கூரான பெரிய உயிரிக்குக் 'காடேட்டம்' என்று பெயரிட்டார். இவர்கள் நம்பியது உருவத்தை. அன்றைய கண்ணாடி வில்லைகள் காட்டியதும் அதை மட்டும்தான்.

உருவம் நிலையான சாட்சியாக இல்லை. உணவு, வெப்பம், பிளவுக்குப் பின் கழிந்த நேரம் ஆகியவற்றைப் பொறுத்து ஒரே உயிரியின் நீளமும் பருமனும் மாறின. அதனால் ஆரேலியாவும் காடேட்டமும் ஒன்றா இரண்டா என்ற சச்சரவு நெடுங்காலம் நீண்டது. அல்ஜீர்ஸில் நூலகராக இருந்துகொண்டே குற்றிழை உயிரிகளின் இணைவை ஆராய்ந்த எமீல் மோபா, 1880களின் இறுதியில் ஓர் உள்ளடையாளத்தைச் சுட்டிக்காட்டினார். ஆரேலியாவுக்குச் சிற்றுட்கரு இரண்டு, காடேட்டத்துக்கு ஒன்று. அப்போதும் சச்சரவு ஓயவில்லை. 1906-இல் கால்கின்ஸ் இரண்டும் ஒன்றே என்று வாதிட்டார். 1910-இல் ஜென்னிங்ஸும் ஹார்கிட்டும் பல வளர்ப்புகளை அளந்து, அவை இரண்டு தனிக் கூட்டங்களாகவே நிற்கின்றன என்று நிறுவினர்.

இந்தக் காலத்தின் பங்களிப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1921-இல் உட்ரஃப் பேரினத்தை நீண்ட உருவம் கொண்ட ஆரேலியாக் கூட்டம், அகன்று குட்டையான பர்சேரியாக் கூட்டம் என்று பிரித்தார். 1958-இல் டில்லரும் ஏர்லும் பெங்களூரில் கிடைத்த உயிரியை பாரமீசியம் ஜென்னிங்சி என்று விவரித்தனர். ஆரேலியாவைப் போலவே அதற்கும் சிற்றுட்கரு இரண்டு. இவையெல்லாம் உருவத்தையும் உட்கருவையும் பார்த்துச் செய்த பிரிப்புகள். இன்றும் பெரும்பாலும் நிற்கின்றன. உருவம் பொய் சொல்வதில்லை. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் அதற்குச் சொல்ல எதுவும் இல்லை.

4. 1937: சாட்சி மாறுகிறது

ஜென்னிங்ஸின் மாணவர் டிரேசி சானபார்ன் 1937-இல் செய்த சோதனை கேட்க எளிமையானது. வெவ்வேறு நீர்நிலைகளிலிருந்து எடுத்த ஆரேலியாக்களை ஒவ்வொன்றும் ஒற்றைச் செல்லிலிருந்து பெருகும்படி தனித்தனியே வளர்த்தார். பிறகு இரண்டிரண்டு வளர்ப்புகளாக ஒரே சொட்டில் கலந்தார். பெரும்பாலான கலவைகளில் ஒன்றும் நடக்கவில்லை. சில கலவைகளிலோ, அதுவரை தனித்தனியே நீந்தியவை கணத்தில் குற்றிழையால் குற்றிழையைப் பற்றிக்கொண்டு கொத்துக்கொத்தாகத் திரண்டன. நேரம் செல்லச் செல்லக் கொத்துகள் கலைந்து, இணை இணையாக உயிரிகள் வெளியே வந்தன.

இதிலிருந்து இரு முடிவுகள் கிடைத்தன. முதலாவது, ஆரேலியாவில் ஆண், பெண் என்று உருவத்தில் தெரியாத இரண்டு இணைவு வகைகள் உண்டு. ஒரு வகை தன் எதிர்வகையோடு மட்டுமே இணையும். இரண்டாவது, அந்த இரு வகைகளும் சேர்ந்த ஒரு கூட்டம், வேறு கூட்டத்தின் எந்த வகையோடும் சேர்ந்து தழைக்காது. ஆய்வு விரிய விரியக் கூட்டங்களின் எண்ணிக்கை ஏறியது. முதற் கூட்டத்தின் வகைகளுக்கு 1, 2 என்றும் அடுத்ததற்கு 3, 4 என்றும் எண்கள் இடப்பட்டன. நான்காம் கூட்டத்துக்கு வாய்த்தவை 7, 8.

வெளியே ஒரே உருவம், உள்ளே ஒன்றோடொன்று கலக்காத பல கூட்டங்கள். தம்முள் கலந்து இனம்பெருக்கும், பிறவற்றோடு கலக்காத கூட்டமே சிற்றினம் என்று எர்ன்ஸ்ட் மயர் 1942-இல் வகுத்த வரையறைப்படி, இவை ஒவ்வொன்றும் தனிச் சிற்றினம். வெளித்தோற்றம் ஒத்த இத்தகைய கூட்டங்களை உடன்பிறப்புச் சிற்றினங்கள் என்றார்கள். ஆகவே பெயர் சூட்டல் அப்போதே நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. தயங்கியவர், அவற்றைக் கண்டுபிடித்த சானபார்னே.

5. பதினெட்டு ஆண்டுத் தயக்கம்

1957-இல் மயர் பதிப்பித்த சிற்றினச் சிக்கல் பற்றிய தொகுப்பில் சானபார்ன் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அந்தக் கூட்டங்களைச் சிற்றினம் என்று அழைக்க அவர் மறுத்து, 'சின்ஜென்' என்ற புதுச் சொல்லை முன்வைத்தார்.

அவர் வாதம் இரண்டு. ஒன்று கொள்கை சார்ந்தது. ஒற்றைச் செல் உயிரிகளில் ஒரு கோடியில் அயல் துணையை நாடுபவை இருக்கின்றன. நடுவில் உறவுக்குள்ளும் தனக்குள்ளுமே கருவுறுபவை. மறு கோடியில் பாலினப்பெருக்கமே இல்லாதவை. கலந்து இனம்பெருக்குதலை மட்டும் அளவுகோலாக வைத்தால் உயிருலகின் பெரும்பகுதிக்குச் சிற்றினம் என்ற சொல்லே பொருந்தாமல் போகும். இரண்டாவது வாதம் நடைமுறை சார்ந்தது. கையில் ஓர் ஆரேலியாவை வைத்திருப்பவர் அது எந்தச் சின்ஜென் என்று அறிய வேண்டுமானால், எல்லாச் சின்ஜென்களின் உயிருள்ள வளர்ப்புகளும் அவர் மேசையில் இருந்தாக வேண்டும். அந்த வசதி உலகில் ஓரிரு ஆய்வகங்களுக்கே இருந்தது. பிறர் சரிபார்க்க முடியாத பெயர் அறிவியலுக்குப் பயன்படாது.

இரண்டாம் வாதத்தை அலுவலகச் சிக்கல் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அதை ஆழமானதாகவே கருதுகிறேன். பெயர் என்பது இருவருக்கு இடையிலான ஒப்பந்தம். ஒருவர் சொன்னதை மற்றவர் தம் கையிலிருக்கும் உயிரியில் சோதித்துப் பார்க்க வழியில்லை என்றால் ஒப்பந்தம் செல்லாது. தாம் கண்டறிந்தவற்றுக்குத் தாமே பெயர் வைக்கும் பெருமை கையருகே இருந்தும், பிறர் பயன்படுத்தும் நிலை வரட்டும் என்று பதினெட்டு ஆண்டு காத்த சானபார்னின் பொறுமையில் வகைப்பாட்டியலின் அறமே இருப்பதாக எனக்குப் படுகிறது.

அந்த நிலை 1970களின் தொடக்கத்தில் வந்தது. செல்களை நசுக்கி, புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டு, எஸ்டரேஸ் முதலிய நொதிகளின் பட்டைகள் எங்கே நிற்கின்றன என்று பார்க்கும் முறை பரவியது. சில நொதிகளைச் சேர்த்துப் பார்த்தபோது சின்ஜென்களைப் பிரித்தறிய முடிந்தது. உயிருள்ள வளர்ப்பு மேசையில் இல்லாதவரும் இனி சோதிக்கலாம். 1975-இல் சானபார்ன் பதினான்கு சிற்றினங்களுக்கு இலத்தீன் பெயர் அளித்தார். பழைய எண்கள் தொலைந்துவிடாதபடி பெயருக்குள்ளேயே அவற்றைப் பொதிந்து வைத்தார். முதலாம் சின்ஜென் பிரைமாரேலியா, இரண்டாவது பையாரேலியா, நான்காவது டெட்ராரேலியா, பதினான்காவது குவாடெகாரேலியா. அதற்கு முந்தைய பழைய கட்டுரையில் 'நான்காம் கூட்டம்' என்று படிப்பவர் இன்று எந்த உயிரியைத் தேட வேண்டும் என்பது உடனே விளங்கும்.

முல்லர் வைத்த 'ஆரேலியா' என்ன ஆயிற்று? அவர் பார்த்த உயிரி பதினான்கில் எது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அவர் வரைந்த படம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆகவே அது தனிச் சிற்றினத்தின் பெயராக இல்லாமல், முழுத் தொகுப்பையும் குறிக்கும் பெயராக இன்று வழங்குகிறது. 1983-இல் டெக்சாஸிலிருந்து பதினைந்தாவது சேர்ந்தபோது எண் வரிசையை விட்டு, 1981-இல் மறைந்த ஆசானின் பெயரை வைத்தனர்: பாரமீசியம் சானபார்னி.

6. எதிர்வாதங்களை எடைபோடுதல்

பதினைந்து பெயர்களை ஏற்கலாமா என்பதற்கு மூன்று தடைகள் சொல்லப்படலாம்.

முதல் தடை தற்கருவுறுதல். ஆரேலியாக்கள் பலமுறை தமக்குள்ளேயே கருவுற்றுக்கொள்கின்றன என்றால், ஒவ்வொரு கால்வழியும் ஒரு தனித் தீவு. 'கலந்து இனம்பெருக்கும் கூட்டம்' என்ற பேச்சே இங்கு செல்லாது என்பது வாதம். இதில் உண்மை உண்டு. ஆனால் இந்த வாதம் நிரூபிப்பது, கலப்பு அரிதாக நடக்கிறது என்பதை மட்டும். எதிர்வகை கிடைத்தபோது ஒரே சிற்றினத்தின் உயிரிகள் கொத்தாகத் திரளவும், நலமுள்ள வாரிசை விடவும் தயாராகவே இருக்கின்றன. வாசல் எப்போதாவதுதான் திறக்கிறது என்பதால் அங்கே வாசலே இல்லை என்று ஆகிவிடாது.

இரண்டாம் தடை இன்னும் வலுவானது. அது பக்கத்துச் சிற்றினமான காடேட்டத்திலிருந்து வருகிறது. அங்கும் ஒன்றோடொன்று இணையாத சின்ஜென்கள் பல எண்ணப்பட்டன. ஜப்பானில் ஹிவதாஷியின் ஆய்வுக்குழுவில் வேதிப்பொருளால் இணைவைத் தூண்டி, இயல்பில் சேராத சின்ஜென்களைச் சேர்த்தனர். ட்சுகியும் ஹிவதாஷியும் 1983-இல் வெளியிட்ட முடிவு, அந்தக் கலப்பு வாரிசுகளை வைத்தே இணைவு வகையைத் தீர்மானிக்கும் மரபணுக்களை ஆராய முடிந்தது என்று காட்டியது. அதாவது வாரிசுகள் வாழ்ந்தன, இனம்பெருக்கின. அங்கே சின்ஜென்களைப் பிரித்தது குற்றிழை நுனியில் உள்ள ஓர் அடையாளப் பூட்டு மட்டுமே. பூட்டைத் திறந்தால் வீடு ஒன்றுதான். ஆகவே 'இணைவதில்லை' என்ற ஒற்றைச் சான்றை வைத்துச் சிற்றினம் பிரிப்பது தவறாகக்கூடும்.

ஆரேலியாவில் நிலைமை வேறு. சில சிற்றினங்களில், குறிப்பாக டெட்ராரேலியாவிலும் ஆக்டாரேலியாவிலும், ஒன்றின் உயிரி மற்றதன் எதிர்வகையோடு சேர்ந்து ஒட்டிக்கொள்வதுகூட உண்டு. இங்கே பூட்டு தளர்ந்திருக்கிறது. ஆனால் கலப்புப் பிறவிகள் மடிகின்றன, அல்லது அவற்றின் தற்கருவுற்ற அடுத்த தலைமுறை மடிகிறது. தடை வாசலில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. காடேட்டத்தையும் ஆரேலியாவையும் அருகருகே வைத்தால்தான் இந்த வேறுபாடு துலங்கும். இந்த விவாதத்தில் மிகவும் கற்பிக்கும் ஒப்பீடு இதுவே என்பேன்.

மூன்றாம் தடை மூலக்கூறு ஆய்வுகளிலிருந்து வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்களையும் உட்கருவின் சில மரபணுக்களையும் ஒப்பிட்டு வரைந்த உறவு மரங்களில் பெரும்பாலான சிற்றினங்கள் தனிக் கிளைகளாகவே நிற்கின்றன. ஆனால் டோடெகாரேலியா போன்றவற்றில், இணைவுச் சோதனை ஒரே பெயரிட்ட வளர்ப்புகள் மரத்தில் ஒரே கிளையில் சேராமல் சிதறுகின்றன. ஒரு சாட்சி மற்றொரு சாட்சியோடு முரண்படும் இடங்கள் இவை. இவற்றால் முழு வகைப்பாடும் சரிந்துவிடாது. அண்மையில் பிரிந்த கூட்டங்களில் பழைய மரபணு வடிவங்கள் இன்னும் பங்கிடப்படாமல் கிடப்பது இயல்பு. ஆனால் பதினைந்து என்ற எண்ணைக் கல்வெட்டாகக் கருத வேண்டாம் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

7. பிரிவு எப்படி நிகழ்ந்திருக்கும்?

ஏன் இவ்வளவு ஒத்த உருவம், ஏன் இவ்வளவு பிரிவு என்பதற்கு 2006-இல் ஒரு திறவுகோல் கிடைத்தது. அந்த ஆண்டு வெளியான டெட்ராரேலியாவின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 40,000 மரபணுக்களைக் காட்டியது. இது மனிதரிடம் உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. காரணம், இதன் முன்னோர்களில் மரபுத்தொகுதி முழுமையாக இரட்டித்த நிகழ்ச்சி குறைந்தது மூன்று முறை நடந்திருக்கிறது. அவற்றுள் கடைசி இரட்டிப்பு, ஆரேலியாச் சிற்றினங்கள் பெருவாரியாகக் கிளைத்த காலத்தோடு பொருந்துகிறது. காடேட்டத்தின் மரபுத்தொகுதியில் அண்மைய இரட்டிப்புகள் இல்லை; மரபணுக்களின் எண்ணிக்கை பாதிக்கும் குறைவு.

இரட்டிப்பு எப்படிப் பிரிவை உண்டாக்கும்? ஒரு குடும்பத்தில் ஒரே ஆவணத்துக்கு இரண்டு நகல்கள் இரண்டு பெட்டிகளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிளையினர் முதல் பெட்டி நகலைத் தொலைக்கிறார்கள். மறு கிளையினர் இரண்டாம் பெட்டி நகலை. இரு வீட்டிலும் ஒரு நகல் இருப்பதால் எவருக்கும் குறை தெரியாது. இரு கிளைகளும் கலந்து, பிள்ளை ஒவ்வொரு பெட்டியையும் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து பெறும்போது, சில பிள்ளைகளுக்கு இரண்டுமே வெற்றுப் பெட்டியாக வாய்க்கும். இரட்டித்த ஆயிரக்கணக்கான மரபணுக்களில் இப்படி மாறிமாறி இழப்பு நேர்ந்தால், கலப்பின் பேரக் குழந்தைகள் பிழைப்பது அரிது. தற்கருவுற்ற அடுத்த தலைமுறை மடிகிறது என்று மேலே கண்ட செய்தியோடு இது நன்றாகப் பொருந்துகிறது. உருவத்தைக் கட்டும் மரபணுக்கள் எதுவும் மாறத் தேவையில்லை. ஆகவே உருவம் அப்படியே இருக்க, உள்ளே எல்லை விழுகிறது.

இணைவு வகையின் மரபியலும் இதே திசையில் பேசுகிறது. 2014-இல் வெளியான ஆய்வின்படி, டெட்ராரேலியாவில் எட்டாம் வகை ஆவதற்கு எம்டிஏ என்னும் மரபணுவின் புரதம் குற்றிழையில் இருக்க வேண்டும். ஏழாம் வகையில், புதிய பேருட்கரு உருவாகும்போது நடக்கும் வெட்டுதலில் அந்த மரபணுவின் இயக்குபகுதியே நீக்கப்பட்டுவிடுகிறது. எதை வெட்ட வேண்டும் என்பதைத் தாய்ச் செல்லின் பழைய பேருட்கருவோடு ஒப்பிட்டுச் சிற்றளவு ஆர்.என்.ஏ.க்கள் முடிவு செய்கின்றன. அதனால் டி.என்.ஏ. ஒன்றாகவே இருந்தும் தாயின் வகை மகளுக்குச் செல்கிறது. செப்டாரேலியாவிலோ இதே விளைவு எம்டிபி என்னும் வேறொரு மரபணுவில் வெட்டு விழுவதால் உண்டாகிறது. வெளியே ஒரே நடத்தை, உள்ளே வெவ்வேறு வழி. ஒரே உருவம் தந்த அதே பாடத்தை இங்கே நடத்தையும் தருகிறது.

8. பெயர் பிழைத்தால் என்ன ஆகும்?

உருவம் ஒன்றாக இருக்கையில் பெயரைத் தனியே வைப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இரு எடுத்துக்காட்டுகள்.

1934-இல் ரஷ்ய உயிரியலாளர் காவுஸ், ஆரேலியாவையும் காடேட்டத்தையும் ஒரே குழாயில் ஒரே உணவோடு வளர்த்து, ஆரேலியா நிலைக்க காடேட்டம் அழிந்ததைக் காட்டினார். ஒரே வாழ்வாதாரத்தில் இரு சிற்றினங்கள் நீடிக்க முடியாது என்னும் கொள்கைக்கு இன்றுவரை பாடநூல்கள் தரும் சான்று அது. அவர் குழாயில் இருந்தது பதினைந்தில் எது? இன்று அதைச் சொல்ல முடியாது. அதே சோதனையை மறுபடி செய்பவர் வேறு சிற்றினத்தை எடுத்துவிட்டு, முடிவு மாறிவிட்டதே என்று திகைக்கவும் கூடும். ஏனெனில் இச்சிற்றினங்கள் வெப்பநிலைத் தாங்குதிறனிலும் பரவலிலும் வேறுபடுகின்றன: பையாரேலியா குளிர்ந்த பகுதிகளில் மிகுதி, செக்சாரேலியா பெரிதும் வெப்பப் பகுதிகளுக்குரியது.

இரண்டாவது எடுத்துக்காட்டு கொல்லி வளர்ப்புகள். சில ஆரேலியாக்கள் வாழ்ந்த நீரில் வேறு ஆரேலியாக்களை விட்டால் அவை மடிவதை 1938 வாக்கில் சானபார்ன் கண்டார். கொல்லிகளின் உடலுக்குள் இருந்த 'கப்பா' துகள்கள் பிற்காலத்தில் பாக்டீரியாக்கள் என்று தெளிவாயின. அவற்றுள் ஒரு வகையான சீடிபாக்டர் டீனியோஸ்பைராலிஸ் டெட்ராரேலியாவில் குடியிருப்பது. பதினைந்தையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டால், எந்த விருந்தாளி எந்த வீட்டில் தங்குகிறது என்ற கேள்வியையே எழுப்ப முடியாது.

இந்த உணர்வு பரவியதன் அறிகுறியாக, உடலுக்குள் பச்சைப் பாசிகளை வளர்த்து அவற்றின் உணவைப் பகிர்ந்துகொள்ளும் பாரமீசியம் பர்சேரியாவின் ஐந்து சின்ஜென்களுக்கும் 2021-இல் பிரைமாபர்சேரியா, பைபர்சேரியா என்று தனிப் பெயர்கள் தரப்பட்டன. 1975-இல் வகுத்த முறையே அங்கும் பின்பற்றப்பட்டது.

9. முடிவு

இதுவரை கண்டவற்றிலிருந்து நான் வந்தடையும் நிலை இது. சிற்றினப் பெயர் என்பது, மரபுப் பொருள் எதுவரை பாய்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் பற்றிய ஒரு கூற்று. அக்கூற்றுக்கு மூன்று சாட்சிகளை அழைக்கலாம்: இணைகின்றனவா, இணைந்தால் வாரிசு தழைக்கிறதா, மரபணுக்களின் மரம் என்ன சொல்கிறது. ஆரேலியாவில் மூன்றும் பெரும்பாலும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஆகவே பதினைந்து பெயர்கள் நியாயமானவை, இன்னும் திருத்தத்துக்கு இடமிருந்தாலும். காடேட்டத்தில் முதல் சாட்சி பிரிவு என்றது, இரண்டாம் சாட்சி ஒற்றுமை என்றது. ஆகவே அங்கே ஒரே பெயர் நீடிப்பது சரி. ஒரே பேரினத்தில் இரு வேறு தீர்ப்பு வருவது குழப்பம் ஆகாது. ஒவ்வொரு கூட்டத்தையும் அதனதன் வாழ்க்கையை வைத்து விசாரித்ததன் விளைவு அது.

இவற்றோடு நான்காவதாக, சானபார்ன் கற்பித்த ஒரு நிபந்தனையும் உண்டு: பெயரைப் பிறரும் சோதிக்க முடிய வேண்டும். இன்று ஒரு மரபணுத் துண்டின் வரிசையைப் படித்தால் போதும் என்ற அளவுக்கு அது எளிதாகியிருக்கிறது. வெப்பமண்டலக் குளங்களிலும் ஏரிகளிலும் எந்த ஆரேலியாக்கள் வாழ்கின்றன என்று தேட இதைவிட நல்ல காலம் இல்லை. டெக்சாஸின் ஒரு நீர்நிலை பதினைந்தாவதைத் தந்தது போல, நம் பக்கத்து ஊருணியும் ஒன்றைத் தரலாம்.

ரெக்கார்டு நோட்டில் கண்ணால் கண்டதை மட்டும் வைத்து எழுதும் மாணவர், படத்தின் கீழ் 'பாரமீசியம் ஆரேலியாத் தொகுப்பு' என்று குறித்தால் போதும். அவர் அறிந்தது அவ்வளவு, அதில் பிழையில்லை. அதற்கு மேல் அறிய விரும்பினால் இரண்டு குளத்து நீரிலிருந்து ஒவ்வோர் உயிரியைத் தனியே பெருக்கி, இலேசாகப் பசித்திருக்கும் வேளையில் இரு வளர்ப்பையும் ஒரே சொட்டில் கலக்கட்டும். அவை கொத்தாகத் திரண்டால் எதிர்வகைகள் சந்தித்துக்கொண்டன. வாரிசு தழைக்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் நீந்திச் சென்றால், அவை ஒரே வகையாகவும் இருக்கலாம், வெவ்வேறு சிற்றினமாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல அந்தச் சொட்டுக்கு முடியாது. அடுத்த வளர்ப்பையும் அதற்கடுத்ததையும் கொண்டுவந்து கலந்து பார்க்கும் பொறுமையே சொல்லும்.